பசுவுக்கு முன்னே புல்

கொல்லையில் ஒரு பசு கட்ட வேண்டுமென்று ஆசைப்படும் சிநேகிதர்கள் அடிக்கடி எனக்கு எழுதுகிறார்கள். சிலர் திருவரங்கத்துக்கு நேரிலேயே வந்து, ஜெர்சிக் கலப்பினம் உசிதமா, காங்கேயம் உசிதமா, உம்பளச்சேரி மாடு இந்தப் பக்கத்துச் சீதோஷ்ணத்துக்கு ஒத்துவருமா, வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும், கன்றோடு வாங்குவது நல்லதா, சினையாக வாங்குவது நல்லதா என்றெல்லாம் மிகுந்த சிரத்தையோடு விசாரிப்பதுண்டு. ஆனால் இத்தனை கேள்விகளுக்கும் நடுவில், அந்த வாயில்லா ஜீவன் நாளைக் காலையில் எழுந்து எதைத் தின்னும், சித்திரை வெயிலில் எதைத் தின்னும், ஐப்பசி அடைமழையில் எதைத் தின்னும் என்று கேட்டவர்கள் மிகச் சொற்பம். பசுவைப் பற்றி நாம் வைத்திருக்கும் பக்தியில் ஒரு பங்காவது புல்லின் மேல் வைத்திருந்தால், நம் ஊர் மாடுகள் இன்று இருக்கிற கதியில் இரா என்பது என் திடமான அபிப்பிராயம். அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன். பொறுமையுள்ளவர்கள் கூடவே வாருங்கள்.

திருவரங்கத்தில் பசுவுக்குள்ள கௌரவத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரங்கநாதர் சந்நிதியில் விடியற்காலையில் நடக்கும் விசுவரூப சேவையில், நடை திறந்ததும் பெருமாளின் திருமுன் பசுவும் யானையும் நிற்க, வீணை ஒலிக்க, அதன் பிறகே அந்த நாளின் மற்றக் கைங்கரியங்கள் ஒவ்வொன்றாக ஆரம்பமாகின்றன. கோயிலுக்கென்று கோசாலை உண்டு. பக்தர்கள் பசுவையும் கன்றையும் தானமாகக் கொண்டுவந்து விடுவதும் உண்டு. அமாவாசையன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் முடித்துக்கொண்டு ஈர வேட்டியோடு கரையேறுகிறவர்கள், வாசலில் விற்கும் அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை வாங்கி, அங்கே நிற்கும் பசுவின் வாயில் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள்.

அகத்தியைத் தேர்ந்தெடுத்த நம் முன்னோரின் புத்தி சாதாரணமானதன்று. ஈரத்தை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் அகத்தி இலையில் 20 முதல் 25 சதவீதம் வரை புரதம் இருக்கிறது. கடையில் விலை கொடுத்து வாங்கும் கலப்புத் தீவனத்துக்கு அது இளைத்ததன்று. வேலியோரத்திலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் காசு செலவில்லாமல் வளர்ந்து, வெட்ட வெட்டத் தழைத்து, வைக்கோலையே தின்று காலம் கழிக்கிற மாட்டுக்கு அந்த வைக்கோலில் இல்லாததைக் கொடுப்பது அது. ஒரு மாட்டுக்கு ஒரு கட்டு அகத்தி என்றால் அதைவிடப் புண்ணியமான தானம் வேறில்லை.

ஆனால் அமாவாசையன்று நடப்பது அதுவன்று. நிற்பதோ ஐந்தாறு மாடுகள்; வருவதோ ஆயிரக்கணக்கான ஜனங்கள். காலை முதல் நண்பகல் வரை அதே வாயில் கட்டுக் கட்டாக அகத்தியும், சீப்புச் சீப்பாக வாழைப்பழமும், பிண்டம் போக மிஞ்சிய பச்சரிசிச் சோறும் போய்க்கொண்டேயிருக்கின்றன. மாட்டுப் பொங்கலன்றோ சர்க்கரைப் பொங்கலை வாழையிலையோடு அள்ளி வைத்து, தின்னத் தின்ன மகிழ்ந்து நிற்கிறோம். பசுவின் முதல் இரைப்பை என்பது நார்ப்பொருளை மெல்ல மெல்ல நொதிக்க வைக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கிற ஒரு பெரும் பாத்திரம். புல்லும் வைக்கோலும் உள்ளே போகிறவரை, மாடு அசைபோட அசைபோட ஊறும் உமிழ்நீர் அங்கே எழும் அமிலத்தை அவ்வப்போது சமனப்படுத்திவிடுகிறது. சோறோ பொங்கலோ திடீரென்று மிகுதியாகப் போய்ச் சேர்ந்தால், மாவுச்சத்து அதிவேகமாகப் புளித்து, லாக்டிக் அமிலம் பெருகி, நார்ப்பொருளைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் மடிந்து, இரைப்பை இயக்கமே ஸ்தம்பித்துப்போகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது, வயிறு உப்புகிறது, சாணம் தண்ணீராகப் போகிறது, உடனே வைத்தியம் செய்யாவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடுவதுண்டு. கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு தை மாதமும் இதைச் சொல்லி எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்போடு கொடுத்த ஆகாரமே விஷமாகிற இந்தக் கொடுமையை நான் மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன். ஏனெனில் கொடுக்கிற கைகளில் ஒரு கையிலாவது துவேஷம் கிடையாது, அறியாமை ஒன்றே உண்டு.

தெருவில் திரியும் மாட்டின் கதை இதனினும் பரிதாபம். அதற்குக் கிடைப்பவை சுவரொட்டியும், அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பசையும், மிஞ்சிய சோற்றை முடிந்து எறிந்த பிளாஸ்டிக் பையும். அந்தப் பை செரிப்பதில்லை, வெளியேறுவதுமில்லை. இரைப்பையிலேயே உருண்டு திரண்டு, புல் இருக்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்தாற்போல் தோன்றி, உடம்பு மாத்திரம் வற்றிக்கொண்டே போகும்.

இனி, ஒரு மாட்டுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு, நீரை நீக்கிக் கணக்கிடும் உலர்பொருளாக, நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ வரை வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்காவது புல், தட்டை, வைக்கோல் முதலான நார்த்தீவனமாக இருப்பது அவசியம். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற அளவில் சொன்னால் தினமும் 20 முதல் 25 கிலோ பசுந்தீவனமும், ஐந்தாறு கிலோ உலர்தீவனமும், மேலே கறவைக்குத் தக்கபடி தவிடும் புண்ணாக்கும் தேவைப்படும். வருஷத்துக்கு என்று பெருக்கிப் பார்த்தால் பசுந்தீவனம் மாத்திரம் ஏழு முதல் ஒன்பது டன் வரை ஆகிறது. மாடு வாங்குவதற்கு முன் இந்தத் தொகையை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டுமென்பேன்.

இவ்வளவு தீவனம் நம் பக்கத்தில் எங்கிருந்து வருகிறது? முதலாவது, ஆற்றுப்படுகை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் அணைத்துக்கொண்டு ஓடுகிற தீவு நம்முடையது. 1836-க்கும் 1838-க்கும் இடையில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டிய பிறகு காவிரியின் பாசனத்துக்கு ஒரு ஸ்திரம் ஏற்பட்டது. கொள்ளிடமோ மிகைவெள்ளத்தை வாங்கிக்கொண்டு போகும் ஆறாக நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு கொள்ளிடத்துப் படுகையில் வண்டலின் மேல் அருகும் கோரையும் நாணலும் கிளம்பும். கரையோரத்து ஜனங்களுக்கு அதுவே சாசுவதமான மேய்ச்சல் நிலம். காலையில் மாடுகள் தாமாகவே ஆற்றில் இறங்கி, மாலையில் தாமாகவே வீடு சேர்ந்துவிடும். இன்றும் அந்த வழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. ஆயினும் மணல் அள்ளிய குழிகளும், சீமைக்கருவேலும், நகரத்துக் குப்பையும் படுகையைச் சுருக்கிக்கொண்டே வருகின்றன. மேட்டூரிலிருந்து உபரிநீரைத் திடீரென்று திறக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் மாடுகள் மணல்திட்டுகளில் அகப்பட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. படுகையை நம்பி மாடு வைத்திருப்பவர்கள், அதிகாரிகள் வெள்ள எச்சரிக்கை விடும்போது அதை அலட்சியம் செய்யலாகாது.

படுகைக்கு அடுத்தபடி இந்தப் பிரதேசத்து மாடுகளின் ஜீவாதாரம் வைக்கோல். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது என்கிற சம்பிரதாயத்தின்படி குறுவையும் சம்பாவும் நடக்கிற நாடு இது. லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கங்களில் அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் எழும். அந்தப் போரின் உயரத்தைக் கொண்டே குடும்பத்தின் அந்தஸ்தை மதிப்பிடுவார்கள். வைக்கோல் வயிற்றை நிரப்பும், அசைபோட வைக்கும், வெயில் காலத்தில் உயிரைத் தாங்கும். ஆனால் அதில் புரதம் 3 அல்லது 4 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நெற்பயிர் மண்ணிலிருந்து ஏராளமாக உறிஞ்சும் சிலிகா அதன் தாளில் படிந்து, செரிமானத்தைத் தடுக்கிறது. அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருளோ, மாட்டின் உடம்புக்குப் போய்ச் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. வைக்கோலையும் தவிட்டையும் மாத்திரம் தின்று வளரும் கிடேரி பருவத்துக்கு வர வெகுகாலம் பிடிப்பதும், கறவை மாடு ஈன்ற சில மாதங்களில் எலும்பும் தோலுமாக நிற்பதும் இதனால்தான்.

இதற்கு விஞ்ஞானம் கண்ட எளிய உபாயம் ஒன்று உண்டு. அது நம் கிராமங்களில் இன்னும் சரியாகப் பரவாதது ஆச்சரியமே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் சீராகத் தெளித்து, மிதித்து அழுத்தி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி, மூன்று வாரம் விட்டுவிட வேண்டும். யூரியா சிதைந்து கிளம்பும் அம்மோனியா வைக்கோலின் கெட்டியான நாரை இளக்கி, புரதச்சத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது. போடும் முன் ஒரு மணி நேரமாவது உதறிக் காற்றாட விட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது. யூரியாவைத் தீவனத் தொட்டியிலோ கழுநீரிலோ நேரே கலந்துவிடுவது மாட்டைக் கொல்வதற்குச் சமானம். இந்த மூன்று எச்சரிக்கைகளையும் மனப்பாடம் செய்யாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

இப்போது அந்த வைக்கோலுக்கும் கஷ்டகாலம். அரிவாள் கொண்டு அறுத்துக் கட்டிய காலத்தில் முழுத் தாளாக வந்தது, அறுவடை இயந்திரம் வந்த பிறகு நொறுங்கி மிதிபட்டு வயலிலேயே கிடக்கிறது. கட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து அதைச் சுருட்டினால், அந்தக் கட்டுகளுக்கு வயலிலேயே விலை பேசிக் கேரளத்துக்கு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். விற்கிறவரைக் குறை சொல்வதற்கில்லை. உழவுக்கூலிக்கு ஈடாவது அது ஒன்றுதான். ஆனால் தை, மாசியில் விற்ற கட்டை வைகாசியில் ஒன்றரை மடங்கு விலை கொடுத்துத் தேடியலைகிற குடும்பங்களும் அதே ஊரிலேயே இருக்கின்றன. தன் மாட்டுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்த பிறகே மிச்சத்தை விற்பது என்ற நியதி நம் தாத்தாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியிராத ஒன்று.

தாத்தாக்களைச் சொன்னேன், இன்னும் ஆயிரம் வருஷம் பின்னே போகலாம். சோழர் காலத்துச் சாசனங்களைப் புரட்டுகிறவர்களுக்கு நந்தா விளக்கு என்பது மிகப் பரிச்சயமான விஷயம். கோயிலில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிவதற்காகப் பெரும்பாலும் 96 ஆடுகளைத் தானம் செய்வார்கள். அவற்றை மன்றாடிகள் என்னும் இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். மன்றாடி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் சாசனங்களில் 96 ஆடு, 48 பசு, 16 எருமை என்று ஒரு விளக்குக்கு ஈடு கட்டியிருப்பதையும் காண்கிறோம். இந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். செத்ததற்கும் கிழடானதற்கும் பதிலாகக் குட்டி வளர்ந்து நிற்க, மந்தையின் தொகை என்றும் குறையலாகாது என்பது ஏற்பாடு. யோசித்துப் பாருங்கள்: சந்திர சூரியர் உள்ளவரை ஒரு மந்தை குறையாதிருக்க வேண்டுமானால், அது மேயும் தரையும் சந்திர சூரியர் உள்ளவரை அழியாதிருக்க வேண்டுமல்லவா? அதற்கும் அவர்கள் வழி செய்திருந்தார்கள். நிலதானச் சாசனங்களில் ஊரின் உறுப்புகளை எண்ணும்போது, மன்றும் குளமும் சொல்லப்படுகிறாற்போலவே, கன்று மேய்பாழ் என்ற பெயரால் மேய்ச்சலுக்கு விட்ட நிலமும் சொல்லப்படுகிறது. கோயிலும் ஏரியும் போல மேய்ச்சல் தரையும் ஊரின் அங்கமென்று எழுதிவைத்த நாகரிகம் அது.

ஆங்கிலேயர் காலத்து ரெவினியூக் கணக்கிலும் அதற்கு இடமிருந்தது. மேய்க்கால் புறம்போக்கு என்று இன்றும் கிராமக் கணக்கில் அது இருக்கிறது. கணக்கில் இருக்கிறதே தவிர, தரையில் பல இடங்களில் இல்லை. வீட்டுமனையாகவும், அரசாங்கக் கட்டடமாகவும், செல்வாக்குள்ளவர்களின் தோப்பாகவும் அது மெல்ல மெல்லக் கரைந்துபோயிற்று. 2011 ஜனவரி 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஜக்பால் சிங் என்பவர் பஞ்சாப் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டுமென்று மிகக் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தும் காலம் வெகுவாகக் கடந்துவிட்டது.

பொதுநிலம் போனாலும், சொந்த நிலத்தில் மேய்ச்சல் தரையை எப்படி வைத்து ஆளலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உத்தமமான உதாரணம் இருக்கிறது. 1995-இல் தனி மாவட்டமாகும் வரை கரூர் நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அந்தக் கரூரின் மேற்கே அரவக்குறிச்சி, க.பரமத்தி தொடங்கிக் காங்கேயம், தாராபுரம் வரைக்கும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த வறண்ட பூமி. வருஷத்து மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியது. கிணற்றை நம்பி விவசாயம் செய்வதற்கில்லை. அந்தப் பூமியில் குடியானவர்கள் நிலத்தைச் சிறுசிறு காடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி முள்கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். உள்ளே விதைத்த பயிர் ஒன்றுமில்லை. தானாகவே விழுந்து முளைக்கும் கொழுக்கட்டைப் புல்தான் பிரதானம், அதனோடு கலந்து சில பயற்றினச் செடிகள், மேலே ஆங்காங்கே நிழலுக்கு வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்து சருகாகும் சமயத்தில் அந்த வெள்வேல மரத்தின் காய் உதிர்ந்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் புரதம் கொடுக்கிறது. காங்கேயம் காளையின் கம்பீரத்தைப் புகழாத தமிழரில்லை. அந்தக் கம்பீரத்தை வளர்த்தது இந்தப் புல்தான் என்று சொல்பவர்கள் குறைவு.

கொரங்காட்டின் மர்மமெல்லாம் வேலியில் அடங்கியிருக்கிறது. வேலி இருப்பதால், மந்தையை இந்தக் காட்டில் கொஞ்ச நாள், அடுத்த காட்டில் கொஞ்ச நாள் என்று மாற்றி மாற்றி விடமுடிகிறது. மழை பெய்து புல் துளிர்க்கும் பருவத்தில் ஒரு காட்டை அடைத்து வைத்து, கதிர் வாங்கி விதை உதிர்ந்த பிறகே திறக்கமுடிகிறது. புல்லின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். மாடு கடித்த புல் மறுபடி துளிர்ப்பது தூரிலும் வேரிலும் சேமித்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான். இலை விரிந்து வெயிலை வாங்கிச் செலவழித்ததை ஈடுகட்டுவதற்குள் மறுகடி விழுந்தால், புல் கடன்மேல் கடன் வாங்கிய குடும்பம்போல் வேரிலிருந்தே நலிந்துபோகும். அந்த இடத்தில் மாடு தின்னாத களைகள் குடியேறும். பிரான்ஸ் தேசத்தில் நார்மண்டிப் பிரதேசத்தைச் சேர்ந்த ஆந்திரே வாய்சின் என்னும் விஞ்ஞானி, தம் பண்ணையில் பசுக்கள் மேய்வதை நுட்பமாகக் கவனித்து, இரண்டு கடிகளுக்கிடையே புல்லுக்குப் போதிய ஓய்வு வேண்டும், மந்தை ஓரிடத்தில் தங்கும் காலம் அதே துளிரை இரண்டாம் முறை கடிக்க முடியாதபடி குறுகியதாக இருக்க வேண்டும் என்று 1957-இல் புத்தகமாக எழுதினார். உலகமெங்கும் சுழற்சி மேய்ச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமலிருப்பதில்லை. எழுதாத சாஸ்திரமாக அதே கொள்கையைக் கொங்குக் குடியானவர்கள் தங்கள் காடுகளில் நடத்திவந்தார்கள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். அந்தக் காடுகள் காற்றாலைக்கும் மனைக்கும் விலையாகிக்கொண்டிருப்பதில் வருத்தமும் இருக்க வேண்டும்.

இந்தக் கொழுக்கட்டைப் புல்லைப் பற்றி இடையில் ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகக்காரர்கள் கொண்டுபோன சேணங்களுக்குள் அடைத்திருந்த வைக்கோலோடு அதன் விதை ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். பிற்பாடு அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதை வேண்டுமென்றே லட்சோபலட்சம் ஏக்கரில் விதைத்தார்கள். வறட்சியைத் தாங்கி மாட்டைக் காத்த அதே புல், மத்திய ஆஸ்திரேலியாவின் வனங்களில் மற்றச் செடிகளை அமுக்கி, காட்டுத்தீக்கும் இரையாகிப் பரவுவதால், அங்கே இப்போது அதைக் களையென்று தூஷிக்கிறவர்களும் உண்டு. ஒரு புல் அதன் இடத்தில் இருக்கும்போதுதான் அமிர்தம்.

கரூர்ப் பக்கத்துச் சரளைபூமி நமக்கில்லை. நீர் பாயும் நிலம் கொஞ்சம் இருக்கிறவர்கள் என்ன செய்யலாம்? கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டிக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் 2008-இல் வந்த கோ 4 இன்றைக்கும் பரவலாக இருக்கிறது. கரணை நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கொன்றாக வருஷத்துக்கு ஏழு அறுப்பு வரை கிடைக்கும். எக்டேருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதன்படி பத்து சென்ட் நிலத்தில் 15, 16 டன் வர வேண்டும். நம் தண்ணீர்க் கஷ்டத்தையும் எருக் குறைவையும் உத்தேசித்து அதில் பாதியென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பசுவின் தேவை ஏறக்குறைய கட்டிவிடும். அறுக்கும்போது தரையோடு மொட்டையடிக்காமல் அடித்தூரில் ஆறேழு விரற்கடை விட்டு அறுப்பதும், ஒவ்வோர் அறுப்புக்குப் பின் தொழு உரமும் தண்ணீரும் கொடுப்பதும் அவசியம். மேய்ச்சல் காட்டுக்குச் சொன்ன ஓய்வின் நியதி இங்கே அரிவாளுக்கும் பொருந்தும். அவசரப்பட்டு முப்பது நாளில் அறுப்பவர் இரண்டு வருஷத்தில் தூரையே இழப்பார்.

புல்லை மாத்திரம் போட்டால் போதாது. நேப்பியர் இனத்திலும் ஆக்சலேட் உண்டு, புரதமும் நடுத்தரந்தான். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை பயற்றினமான வேலிமசால் நட்டு, இரண்டையும் சேர்த்து அறுத்து நறுக்கிப் போடுவது நல்லது. தென்னந்தோப்பு நிழலில் கினியாப் புல் செழிக்கும். தண்ணீர் தேங்கும் களர்நிலத்தில் நீர்ப்புல் பிழைக்கும். நவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி களர் மண்ணின் நடுவிலேயே அமைந்து, அந்த மண்ணைப் பற்றியே ஆராய்ச்சி செய்துவருவதால், நம் மாவட்டத்துக் களர்நிலக்காரர்கள் அங்கே போய் ஆலோசனை கேட்பது மிகுந்த பிரயோஜனமுள்ளது.

தீவனச் சோளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோ எஃப்எஸ் 29 போன்ற மறுதாம்பு ரகங்கள் ஒரு முறை விதைத்தால் வருஷத்துக்கு ஐந்தாறு அறுப்புத் தரும் அருமையான பயிர்கள். ஆனால் இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடி நின்று மழை கண்டதும் திடீரென்று துளிர்த்த குருத்திலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு உண்டு. சோளக்கொல்லையில் புகுந்து மேய்ந்த மாடு சில நிமிஷங்களிலேயே மூச்சுத் திணறி விழுந்து சாவதை மணப்பாறை, துறையூர்ப் பக்கத்து முதியவர்கள் அறிவார்கள். பூக்கும் தறுவாயில் அறுத்து, ஒரு நாள் வாடவிட்டுப் போடுகிறவர்களுக்கு அச்சம் குறைவு.

பங்குனி முதல் ஆனி வரை உள்ள நாலு மாதமே உண்மையான பரீட்சை. கடலைக்கொடியையும், நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்து, பயறு இவற்றின் கொடியையும் பொட்டையும் காய வைத்துச் சேமிப்பது; மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து நறுக்கிக் குழியிலோ பெரிய பையிலோ காற்றுப் புகாமல் அழுத்தி, ஒன்றரை மாதம் கழித்து ஊறுகாய்ப் புல்லாக எடுப்பது; கிணற்றோரத்தில் நாலு அகத்தியும் சவுண்டலும் நிறுத்துவது: இவற்றைத் தை மாதத்திலேயே ஆரம்பித்தவர்கள் கோடையில் மாட்டை விற்க மாட்டார்கள்.

சம்பா அறுவடையான வயல்களுக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வரும் கீதாரிகளையும் இங்கே நினைக்க வேண்டும். பகலில் தாளடியை மேய்ந்து, இரவில் கிடை அமர்ந்து, வயலுக்கு எரு கொடுத்துவிட்டுப் போகும் அந்த மந்தைகள், புல்லையும் மண்ணையும் ஒரே கணக்கில் சேர்க்கின்றன. அவர்களுக்கு நடைபாதையும் தங்க இடமும் மறுக்கிற ஊர்கள் தங்கள் வயலின் வளத்தையே மறுக்கின்றன என்பேன்.

இதுவரை பொறுமையாக வாசித்தவர்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். கோசாலைக்கோ தெருப் பசுவுக்கோ தானம் செய்ய விரும்புகிறவர்கள், சோறும் பழமும் பொங்கலும் கொண்டுபோக வேண்டாம். கோசாலை நிர்வாகத்திடம் எந்த மாதத்தில் எது குறைகிறதென்று விசாரித்து, வைகாசியில் ஒரு வண்டி வைக்கோலோ, பசும்புல்லோ, தாதுஉப்புக் கலவையோ வாங்கிக் கொடுங்கள். அமாவாசைக் கூட்டத்தில் நிற்கிற மாட்டுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தால், அகத்திக் கட்டை மறுநாளைக்கென்று கொட்டிலில் சேர்ப்பித்துவிடுங்கள். புண்ணியம் ஒரு நாள் தாமதத்தால் குறைந்துவிடாது.

இரண்டாவது, கிராமத்தில் இருப்பவர்களுக்கு. உங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதப்பட்ட சர்வே எண்கள் எவை, பரப்பு எவ்வளவு என்பது கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமையுண்டு. அந்த நிலம் இப்போது எந்த நிலையில் இருக்கிறதென்று நேரில் நடந்துபோய்ப் பாருங்கள். சீமைக்கருவேல் மண்டியிருந்தால் வெட்டிக் கொழுக்கட்டைப் புல் விதைக்கவும், ஆக்கிரமிப்பு இருந்தால் அகற்றவும், பாதி நிலத்தை அடைத்துப் பாதியை மேயவிடும் முறையை ஏற்படுத்தவும் தீர்மானம் கொண்டுவாருங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களில் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கே எழுந்து பேசலாம்.